அட்டுவம்பட்டி அடுப்படிகளுக்கு ஒரு மடல்

கொடைக்கானல் மலையில், அட்டுவம்பட்டியிலும் பள்ளங்கி, வில்பட்டிப் பக்கத்திலும் மகளிர் குழுக்களில் இருந்துகொண்டு, வீட்டிலேயே பேக்கிங் செய்து விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

குழுக் கடனில் ஓ.டி.ஜி. அடுப்பு வாங்கலாமா, வாங்கினால் எத்தனை லிட்டர், கேக் போடுவதா பிஸ்கட் போடுவதா, மதுரைக்குப் போய் வகுப்பில் சேர்வதா என்றெல்லாம் உங்களுக்குள் பேச்சு ஓடுவதை அறிவேன். அடுப்பைப் பற்றி நானும் பேசுவேன். அதற்கு முன்னால் பேச வேண்டியது, அந்த அடுப்புக்குள் எதை வைக்கப்போகிறீர்கள் என்பது. நல்ல வெண்ணெயில் மடித்த மாவு, நீங்களே வடிகட்டிய கிரீம் சீஸ், உங்கள் கொல்லையிலோ பக்கத்துத் தோட்டத்திலோ பறித்த பழம் என்ற இந்த மூன்றையும் வைத்துப் பேஸ்ட்ரி செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். டப்பாவில் வரும் ப்ளூபெர்ரிப் பசையையும் கட்டியாக வரும் மார்ஜரினையும் வாங்க வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் வெண்ணெய்.

பேக்கரி முட்டை பப்ஸ் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். பழமும் சீஸும் வைத்த பேஸ்ட்ரி அந்த பப்ஸின் உறவுதான். மாவுக்குள் கொழுப்பை வைத்து, தேய்த்து, மூன்றாக மடித்து, திருப்பி, மறுபடி தேய்த்து மடிப்பது. ஒரு முறை மூன்றாக மடித்தால் மூன்று அடுக்கு. நான்கு முறை மடித்தால் 81. அடுப்புச் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் இருக்கும் தண்ணீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தூக்குகிறது. அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது. இதற்குச் சோடாவும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம், ஈஸ்டும் வேண்டாம்.

ஒரே நிபந்தனை, மடிக்கும்போது கொழுப்பு உருகக் கூடாது. வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளகிவிடும். 32, 35 டிகிரிக்கு வந்தால் முழுக்க எண்ணெய். மடிப்பு வேலைக்கு 13 முதல் 18 டிகிரிவரை இருந்தால் உத்தமம். நான் மதுரையில் வளர்ந்தவள். சித்திரை மாதத்தில் அங்கே அடுப்படிக்குள் வெண்ணெயை எடுத்து வைத்தால் மாவைத் தேய்த்து முடிப்பதற்குள் பலகை முழுக்க எண்ணெய் வழியும். சமவெளிப் பேக்கரிகள் மார்ஜரினுக்கும் வனஸ்பதிக்கும் போனதற்கு விலை ஒரு காரணம், வெயில் இன்னொரு காரணம். பப்ஸுக்கென்று செய்யும் மார்ஜரின் நம் உடம்புச் சூட்டிலும் முழுதாக உருகாதபடி தயாரிக்கப்படுவது. அதனால்தான் பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் ஒரு மெழுகுப் படலம் ஒட்டிக்கொண்டு, டீ குடித்தால்தான் இறங்குகிறது. கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் இரண்டு சதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் சட்டம் இறுக்கப்பட்டிருக்கிறது. உடம்புக்கு அந்த வகையில் நல்லது. ஆனால் நாக்கில் ஒட்டும் மெழுகைச் சட்டம் போக்காது.

உங்கள் ஊரில் கோடையின் உச்சியிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. மார்கழி, தை இரவுகளில் பத்துக்கும் கீழே இறங்கும். காலை ஆறு மணிக்கு உங்கள் அடுப்படிக் கல்மேடையைத் தொட்டுப் பாருங்கள். பெரிய ஓட்டல்களில் பேஸ்ட்ரி செய்பவர்களுக்கென்று தனியாக ஏ.சி. அறை கட்டி, பளிங்குப் பலகை போட்டுத் தருகிறார்கள். அது உங்களுக்குப் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது. கோபன்ஹேகனில் 1850-ஆம் ஆண்டு அடுமனைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஆட்கள் இந்த மடிப்பு வித்தையை அங்கே கொண்டுபோனதாகச் சொல்வார்கள். இரண்டும் குளிர் நாடு. தமிழ்நாட்டில் ஏ.சி. இல்லாமல் வெண்ணெயில் மடிக்கக்கூடிய அடுப்படிகள் உங்கள் மலை, ஊட்டி போன்ற உயரமான இடங்களில்தான் இருக்கின்றன. இவ்வளவு வாய்ப்பான இடத்தில் இருந்துகொண்டு, வெயில் ஊருக்காகச் செய்த மார்ஜரினை மலைச்சாலை வழியாக மேலே ஏற்றிக் கொண்டுவருவது எனக்குப் பொறுக்கவில்லை.

அளவு சொல்கிறேன். மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, நன்றாகக் குளிர்ந்த தண்ணீர் 110 மில்லி. மழைக்காலத்தில் மைதாவே ஈரம் குடித்திருக்கும், அப்போது தண்ணீரைக் குறையுங்கள். வெண்ணெயைச் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு வெட்டி மைதாவில் புரட்டி, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவுபோலப் பிசையாமல் ஒன்றாகத் திரட்டினால் போதும். வெண்ணெய்த் துண்டுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நீளமாகத் தேய்த்து மூன்றாக மடியுங்கள், திருப்பிப்போட்டு மறுபடி. இரண்டு மடிப்பு ஆனதும் அரைமணி நேரம் மூடி வையுங்கள். மாவு இறுக்கம் தளர்ந்தால்தான் அடுத்த தேய்ப்புக்கு இணங்கும், இல்லாவிட்டால் ரப்பர்போல இழுத்துக்கொண்டு வரும். பிறகு இன்னும் இரண்டு மடிப்பு. இதில் நாலங்குலச் சதுரமாகப் பன்னிரண்டு பேஸ்ட்ரி வரும்.

வீட்டில் கடைந்த வெண்ணெய் கிடைத்தால் அதைவிட மணம் வேறெதிலும் இல்லை. ஆனால் அதில் மோர்த்தண்ணீர் நிறைய நிற்கும். கடையில் விற்கும் வெண்ணெயில் குறைந்தது 80 சதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டு வெண்ணெயை அந்த அளவுக்குக் கொண்டுவர, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றி மாற்றிப் பிசைந்து, கடைசியில் பலகையில் அழுத்தி ஈரத்தை விரட்டிவிட வேண்டும். பாட்டிமார் நெய் காய்ச்சுவதற்கு முன்னால் செய்கிற அதே வேலைதான்.

அடுத்து, நீங்கள் இருக்கும் உயரம். மதுரை வகுப்பில் சேர்வதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம், கடற்கரை ஊரில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதனால் தண்ணீர் 100 டிகிரிவரை போகாமல் 93, 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாகிறது, குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலை வேகவே மாட்டேன் என்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். பேக்கிங்கில் இதன் விளைவு வேறு மாதிரி. கேக்கில் போடும் பேக்கிங் பவுடரின் வாயு, எதிர்த்து அழுத்தக் காற்று குறைவாக இருப்பதால் சட்டென்று பெரிதாக விரியும். கேக் உப்பி, சுவர் இறுகுவதற்குள் நடுவில் குழி விழும். கீழே உள்ளவர்கள் எழுதிய குறிப்பில் இருக்கும் பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறையுங்கள், அடுப்பைப் பத்து டிகிரி கூட்டுங்கள். மடிப்புப் பேஸ்ட்ரிக்குப் பவுடர் கவலை இல்லை. ஆனால் ஆவி சீக்கிரமே எழுவதால் வெளிப்புறமும் சீக்கிரம் இறுக வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் 210 டிகிரி, பிறகு 190-இல் பத்து நிமிடம். குளிரில் அடுப்பு சூடேறவும் நேரம் எடுக்கும். விளக்கு அணைந்ததும் தட்டை உள்ளே தள்ளிவிடாமல் இன்னொரு பத்து நிமிடம் பொறுங்கள். மலையில் மின்னழுத்தம் குறைகிற மாலை வேளையைவிடக் காலையில் சுடுவது நல்லது.

இதே கணக்கு ஜாமுக்கும். ஜாம் 104, 105 டிகிரியில் பதம் வரும் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். அது கடல்மட்டத்துக் கணக்கு. தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் உங்கள் பிளம்ஸ் ஜாம் கறுத்துக் கல்லாகிவிடும். உங்கள் அடுப்பில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறதோ அதைவிட நாலு, ஐந்து டிகிரி கூடுதல்தான் பதம். 97, 98-இலேயே இறக்கிவிடலாம். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழித்தால் கோடு மூடாமல் நிற்கும்.

கிரீம் சீஸுக்கு வருகிறேன். பேர்தான் பெரிதாக இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் செஸ்டர் என்ற சிற்றூரில் வில்லியம் லாரன்ஸ் என்ற பால்பண்ணைக்காரர் 1872 வாக்கில், பாலோடு பாலேட்டையும் சேர்த்து உறையவைத்து இதைச் செய்யத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. பனீருக்குக் கொஞ்சம் மேலே, வடிகட்டிய கெட்டித் தயிருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும் பொருள். மாதக்கணக்கில் பாடம் போட வேண்டிய சீஸ் வகை இல்லை. அன்றே செய்து அன்றே பயன்படுத்தலாம். கொடைக்கானல் மலையில் சீஸ் என்பது புதிய சொல்லும் அல்ல. கொடை சீஸ் என்ற பெயர் சென்னைக் கடைகளின் குளிர்பெட்டிவரைக்கும் தெரிந்ததுதான்.

ஒரு லிட்டர் கொழுப்பு எடுக்காத பாலில் 200 மில்லி பாலேடு சேர்த்து அடிபிடிக்காமல் காய்ச்சுங்கள். பாக்கெட் பாலென்றால் ஆறு சதக் கொழுப்புள்ளது வாங்குங்கள். பொங்குவதற்குச் சற்று முன்னால் அடுப்பை அணைத்து, மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினால் திரியும். பச்சைத் தண்ணீர் பிரிந்ததும் வெள்ளைத் துணியில் கட்டி ஒன்றரை மணி நேரம் தொங்கவிடுங்கள். பனீருக்குச் செய்வதுபோலக் கல் வைத்து அழுத்தக் கூடாது. பிறகு ஒரு சிட்டிகை உப்போடு மிக்ஸியில் வழவழப்பாக அடித்தால் முந்நூறு கிராம் அளவில் கிடைக்கும்.

இன்னும் நல்ல சுவை வேண்டுமென்றால் எலுமிச்சைக்குப் பதில் தயிர் உறை ஊற்றுங்கள். காய்ச்சி ஆறிய பால், பாலேடு, இரண்டு மேசைக்கரண்டி தயிர். உங்கள் ஊரில் தயிர் உறைய வைப்பது எவ்வளவு பெரும்பாடு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்வை சுற்றி வைப்பீர்கள், அரிசிப் பானைக்குள் வைப்பீர்கள். ஓ.டி.ஜி. வந்துவிட்டால் அதை லேசாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, அந்த வெதுவெதுப்பில் பாத்திரத்தை மூடி வைத்தால் காலையில் கெட்டியாக உறைந்திருக்கும். அதைத் துணியில் கட்டிக் குளிர்பெட்டிக்குள் ஓர் இரவு வடியவிடுங்கள். தயிர் உறை போட்ட சீஸின் புளிப்பு பழத்தின் புளிப்போடு சேரும் விதமே தனி. வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். குளிரவைத்து, மைதா திரட்டத் தண்ணீருக்குப் பதில் அதையே ஊற்றலாம். மாவு மிருதுவாகும்.

பேஸ்ட்ரியில் வைக்க, 200 கிராம் சீஸுக்கு 40 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை மஞ்சள் கரு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். முட்டை சேர்க்காதவர்கள் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு போடலாம். இதற்குமேல் எதுவும் வேண்டாம், எசென்ஸ் வேண்டவே வேண்டாம்.

இப்போது பழம். நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மே மாதம் பிறந்ததும் உங்கள் பக்கத்தில் பிளம்ஸ் சிவக்கத் தொடங்கும். ஜூன், ஜூலைவரை வரும். அது கூட்டமாகப் பழுக்கிற பழம். ஒரே வாரத்தில் மரம் முழுக்கக் கனிந்து, பறவை கொத்தி, குரங்கு பறித்து, மீதி உதிர்ந்து கிடக்கும். தோல் மெல்லியது, மலைச்சாலையின் வளைவுகளில் பெட்டிக்குள் நசுங்கும். வியாபாரிக்கும் இது தெரியும் என்பதால் விலையை அவர் சொல்கிறார். நம்மிடம் காத்திருக்க நேரமில்லை. அடுப்பு இருக்கிற வீட்டுக்குக் காத்திருக்கும் பலம் வந்துவிடுகிறது. நசுங்கிய பிளம்ஸும் பேஸ்ட்ரிக்குப் பழம்தான், பாதி பறவை தின்றதை நறுக்கி ஒதுக்கிவிட்டு மீதியை ஜாமில் சேர்க்கலாம்.

பிளம்ஸை இரண்டாகப் பிளந்து கொட்டை நீக்கி, மேலே சர்க்கரை தூவி அரைமணி நேரம் வையுங்கள். சாறு விடும். அந்தச் சாற்றை வடித்துத் தனியே சுண்டக் காய்ச்சுங்கள். பழத்தைச் சீஸின் மேல் கவிழ்த்து வைத்துச் சுட்டு, இறக்கியதும் சூட்டோடு அந்தச் சுண்டிய சாற்றைத் தடவினால் கண்ணாடிபோல மினுங்கும். சாற்றை வடிக்காமல் அப்படியே வைத்தால் அடி சொதசொதவென்று போய்விடும். பிளம்ஸின் தோலிலேயே பெக்டின் நிறைய இருப்பதால் சாறு தானாகக் கெட்டிப்படும். கடையில் விற்கும் ஜெல் எதுவும் தேவைப்படாது. தோலை உரிக்காதீர்கள், நிறமும் புளிப்பும் அதில்தான்.

பேரிக்காய் வேறு குணம். உங்கள் மலைப் பேரிக்காயைக் கடித்தால் பல்லுக்கு வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் குழைவான பேரிக்காயைப் பழக்கடையில் பார்த்த சுற்றுலாக்காரர்கள், நம்முடையது மட்டம் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். அடுப்புக்கு நம்முடையதுதான் சரி. குழைவான பழம் அடுப்பில் கரைந்துபோகும். இது வடிவம் மாறாமல் நிற்கும். தோல் சீவி, மெல்லிய துண்டு போட்டு, சர்க்கரை, ஏலம், தட்டிய சுக்கு சேர்த்த தண்ணீரில் முக்கால் வேக்காடு எடுங்கள். நன்றாக ஈரம் ஒற்றிவிட்டு விசிறிபோல அடுக்குங்கள். ஆடியிலிருந்து புரட்டாசிவரை இந்தப் பேஸ்ட்ரியை நீங்கள் விற்கலாம்.

பீச்சஸ் கிடைப்பது கொஞ்ச நாள்தான், கிடைத்தால் விடாதீர்கள். மரத்தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்துத் தோலை உரித்துவிட வேண்டும், தோல் கசக்கும். அதன் புளிப்புக்குச் சர்க்கரை கூடுதலாகக் கேட்கும். பேஷன் ஃப்ரூட்டை, தாட்பூட் பழம் என்று நீங்கள் சொல்வதை, சுட்ட பிறகு கரண்டியால் மேலே ஊற்றுங்கள். சூட்டில் அதன் மணம் பறந்துவிடும். ஸ்ட்ராபெர்ரி தண்ணீர்ப் பழம், அதையும் சுட்ட பிறகே வைப்பது நல்லது. பட்டர் ஃப்ரூட்டை அடுப்புக்குள் வைக்கவே வைக்காதீர்கள். சூடு பட்டால் கசக்கும்.

இந்தப் பழங்கள் எதுவும் இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மலைவாழை இருக்கிறதே. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளையும் விருப்பாட்சியும் சிறுமலைப் பழமும் ஈரம் குறைந்தவை, மணம் மிகுந்தவை. வெல்லத்தில் லேசாகப் புரட்டிச் சீஸின் மேல் வைத்தால் எந்த டப்பாப் பசையும் கிட்டே வர முடியாது. பழனி அடிவாரத்தில் காலங்காலமாகப் பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதற்கு இந்த வாழையின் ஈரக் குறைவும் ஒரு காரணம். அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் மலைப்பூண்டுக்கும் அதே ஆண்டில் கிடைத்தது. விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்கு அதற்கும் பத்தாண்டுக்கு முன்பே கிடைத்துவிட்டது. பெயர் சொல்லி விற்கும் வழக்கம் இந்த மலைக்குப் புதிதில்லை. பிளம்ஸுக்கும் பேரிக்காய்க்கும்தான் இன்னும் யாரும் பெயர் சொல்லவில்லை.

பிளம்ஸும் பேரியும் வெள்ளைக்காரர்களோடு மலையேறிய மரங்கள். 1845-இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய பிறகு ஐரோப்பியக் காய்களும் பழங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர்கள் போய்விட்டார்கள். மரங்களை இத்தனை தலைமுறையாகத் தண்ணீர் விட்டு, கவாத்து செய்து காத்தவர்கள் உங்கள் தாத்தா பாட்டிமார். இன்று பழத்துக்கு விலையில்லை என்பதால் மரத்தை வெட்டிவிட்டுக் கேரட் போடுகிறார்கள், அல்லது நிலத்தையே விடுதிக்காரருக்கு விற்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பறிக்கிற கூலிகூடத் தேறாத மரத்தை எத்தனை வருஷம் ஒருவர் வைத்துக்கொண்டிருப்பார்? ஒரு மரத்துப் பழம் ஒரு வீட்டுக்குச் சில மாத வருமானம் என்று ஆகிவிட்டால் அந்த மரத்தை வெட்ட யாருக்கும் மனம் வராது. உங்கள் பேஸ்ட்ரித் தட்டுக்கும் உங்கள் ஊரின் மரங்களுக்கும் இவ்வளவு நேரான தொடர்பு இருக்கிறது.

மலையில் ஏற்கெனவே நடந்த ஒன்றையும் யோசித்துப் பாருங்கள். கொடைக்கானல் கடைவீதி முழுக்க 'ஹோம்மேட் சாக்லேட்' பலகைகள். பல கடைகளில் நடப்பது, கீழே இருந்து வரும் காம்பவுண்ட் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றி, முந்திரி தூவி, கலர்த் தாளில் சுற்றுவது. அந்தக் கட்டியில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. அதே சாக்லேட்டை ஊட்டியிலும் மூணாறிலும் ஏற்காட்டிலும் வாங்கலாம். பிழைப்புக்காகச் செய்பவர்கள் அவர்கள், உழைப்பும் உண்மையானது. ஆனால் இந்த மலையில் விளைந்தது அதில் எதுவும் இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் அதைவிடக் குறைந்த விலைக்குப் பக்கத்துக் கடையைத் திறந்துவிட முடிகிறது. ப்ளூபெர்ரி டப்பாவை வாங்கிப் பேஸ்ட்ரி செய்தால் உங்களுக்கும் அதே கதிதான். பிளம்ஸ் உதிர்ந்து கிடக்கும் ஜூன் மாதத்தில் அதே ஊரில் ப்ளூபெர்ரி சீஸ்கேக் விற்பது வாங்குகிறவருக்கு நஷ்டம், தோட்டக்காரருக்கு அதைவிட நஷ்டம்.

விற்பனையைப் பற்றிக் கொஞ்சம். பள்ளங்கி சாலையில் இருக்கும் விடுதிகளுக்குக் காலை உணவுக்குத் தரலாம். அங்கே வருபவர்கள் அன்றே சாப்பிடுவார்கள், அது உங்களுக்குச் சாதகம். சீஸ் வைத்த பேஸ்ட்ரியை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெளியே குளிர்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். 15, 18 டிகிரிக் குளிர் நமக்குத்தான் குளிர், கிருமிக்கு இல்லை. குளிர்பெட்டியின் ஐந்து டிகிரிதான் பாதுகாப்பு. ஊருக்குப் போகும் வழியில் வாங்கிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குகிறவர்களுக்குச் சீஸ் பேஸ்ட்ரியைத் தரவே தராதீர்கள், எவ்வளவு கேட்டாலும். அவர்கள் மதுரை போய்ப் பெட்டியைத் திறக்கும்போது அது நாலு மணி நேரம் வெயிலில் கிடந்திருக்கும். அவர்களுக்கென்று சீஸ் இல்லாமல், கெட்டி ஜாம் மட்டும் வைத்து மூடிச் சுட்ட வகையைத் தனியே செய்து வையுங்கள். பனிமூட்டம் இறங்கிய நாட்களில் எந்தப் பேஸ்ட்ரியும் மதியத்துக்குள் நமுத்துப்போகும் என்பதால் அன்றைக்குக் குறைவாகவே சுடுங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதற்குப் பயப்பட வேண்டாம். வீட்டில் செய்து விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு உரிமம் வரை போக வேண்டியதில்லை, ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணத்தில் அடிப்படைப் பதிவு போதும். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி அட்டையிலேயே இருக்கட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை, கொடைக்கானலில் சோதனையும் கடுமை. உள்ளே பட்டர் பேப்பர் போட்டால் போதுமானது.

விலை விஷயத்தில் ஒரு வார்த்தை. உங்கள் செலவில் பெரும்பங்கு வெண்ணெய்க்குப் போகும். மார்ஜரின் பப்ஸின் விலையோடு உங்கள் பேஸ்ட்ரியின் விலையை ஒப்பிட்டுக் குறைத்துக்கொண்டே போகாதீர்கள். உங்கள் கொல்லைப் பழத்துக்கும் சந்தை விலை போட்டுக் கணக்கில் சேருங்கள், வீட்டுப் பழம்தானே என்று சும்மா விடாதீர்கள். உங்கள் கூலியையும் சேருங்கள். தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-இல் தருமபுரியில் தொடங்கின. அன்றிலிருந்து ஊறுகாயும் அப்பளமும் செய்து விற்ற எத்தனையோ பெண்கள் தங்கள் உழைப்புக்குக் கணக்கு எழுதாமலே விட்டிருக்கிறார்கள். அந்த வழக்கம் உங்களோடு நின்றுபோகட்டும்.

பக்கத்திலேயே கேட்டுக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் வளாகம் உங்கள் ஊரில்தான் இருக்கிறது. பெண்களுக்காகவே ஏற்பட்ட பல்கலைக்கழகம். பேஸ்ட்ரி எத்தனை நாள் தாங்கும், லேபிளில் என்ன எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் அங்கே போய்க் கதவைத் தட்டுங்கள், நீங்கள் போகாவிட்டால் வேறு யார் போவது? பழைய மரங்களைக் கவாத்து செய்யவும் புதுக் கன்று வாங்கவும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் கொடைக்கானலிலேயே இருக்கிறது.

இப்போதிருந்தே மடிப்பைப் பழகுங்கள். குளிர்காலம் அதற்குத் தோதான காலம். பழம் இல்லாவிட்டால் மலைவாழையை வைத்துச் செய்யுங்கள், வீட்டில் இருப்பவர்கள் சாப்பிடட்டும். சித்திரைக்குள் கை படிந்துவிடும். பிளம்ஸ் வரும்போது உங்கள் குழுவில் மரம் வைத்திருப்பவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரு பெட்டியை மட்டும் வியாபாரிக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். மொத்தமாக நிறுத்த வேண்டாம், ஒரு பெட்டி போதும். அந்தப் பழத்தில் சுட்டதை விடுதிக்குக் கொடுக்கும்போது பெட்டியின் மேல் பழத்தின் பெயரையும், மரம் நிற்கும் ஊரின் பெயரையும், சுட்ட நேரத்தையும் உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள்: அட்டுவம்பட்டி பிளம்ஸ், இன்று காலை ஏழு மணி.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி